பச்சை டிக் இல்லாத பெயர்கள்

பொங்கல் விடுமுறை வந்தால் பழைய வகுப்புகள் கூடுகின்றன. கூடவே ‘தலைக்கு இவ்வளவு’ என்று ஒரு தொகையும் வருகிறது. கட்டுவதா, விடுவதா என்று வீட்டுக்கு வீடு யோசனை நடக்கிறது. அப்படி ஒரு தொகையைத் தன் கையால் எழுதியவரின் அனுபவம் இது.

இரவு பத்தரை மணிக்கு அன்றைய பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஒன்று முதல் 112 வரை வரிசை எண், எண்ணுக்கு நேரே பெயர். பணம் கட்டியவர் பெயரருகே பச்சை டிக். கட்டாதவர் பெயரருகே ஒன்றுமில்லை.

அது 2019 டிசம்பர். பவானிக்குப் பக்கத்தில், காவிரிக் கரையில் இருக்கும் ஒரு ஊரின் அரசு மேல்நிலைப் பள்ளியில் 1999இல் பிளஸ் டூ முடித்தவர்கள் நாங்கள். இருபது வருடம் கழித்து எல்லோரும் ஒருமுறை முகம் பார்த்துக்கொள்ளலாம் என்று பேச்சு எழுந்தது. பொங்கல் லீவை ஒட்டி ஜனவரி 18, 19 தேதிகளில் ஏற்காட்டில் ஒரு ரிசார்ட்டைப் பேசி முடித்திருந்தோம். தலைக்கு 4,500 ரூபாய். வசூல் என் பொறுப்பு.

பட்டியலைத் தினமும் போட்டால்தான் பணம் வரும் என்று சொன்னார்கள். நானும் நம்பினேன். பணம் வரத்தான் செய்தது, இரவுக்கு நான்கைந்து டிக் கூடியது. அன்று பட்டியல் போட்ட சிறிது நேரத்தில் குழுவின் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு வரி விழுந்தது. வரிசை எண் 47 குழுவை விட்டு வெளியேறிவிட்டான். இப்போது ஒருவர் விலகினால் அட்மின்களுக்கு மட்டும்தான் தகவல் போகும். 2022இல் வந்த மாற்றம் அது. அன்றைக்கு அந்த வரி எல்லோர் கண்ணிலும் பட்டது.

47 எங்கள் பள்ளிக் கபடி அணியில் பாடப் போனால் ஒருவரையாவது தொடாமல் திரும்பாதவன். “போன் மாத்தறானாட்ட இருக்குது” என்று ஒருவர் எழுதினார். இன்னொருவர் கைகூப்பும் படம் போட்டார். அதோடு பேச்சு டி-ஷர்ட் என்ன நிறம் என்பதற்குத் திரும்பிவிட்டது. நானும் அவனைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

நாற்பத்தொரு பேர் ஏற்காடு போனோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிக்குள் பாட்டும் கூத்தும்தான். அந்த இரண்டு நாள் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

2022 மார்ச்சில் எங்கள் உடற்கல்வி ஆசிரியர் தவறிவிட்டார். காலை ஆறு மணிக்குக் குழுவில் செய்தி வந்தது. பத்து மணிக்குள் இருபது பேர் அவர் வீட்டு வாசலில் நின்றோம். 47க்கு அவர் அப்பா ஸ்தானம். மாவட்டப் போட்டிக்குப் போக அவனுக்கு முதல் ஷூ வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அந்த இழவுக்கு 47 வரவில்லை. ஐந்தாம் நாள், பஸ் ஸ்டாண்டில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸைப் பார்த்துத்தான் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

அது காதுக்கு வந்த பிறகுதான் நான் அவனைத் தேடிப் போனேன். பள்ளிபாளையத்தில் ஒரு விசைத்தறிப் பட்டறையில் தறி ஓட்டுகிறான். உள்ளே சத்தத்தில் பேச்சு எடுபடாது, சைகைதான். புருவத்திலும் காதோரத்திலும் பஞ்சு படிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் பக்கத்துத் தறிக்காரரிடம் விரலால் ஏதோ சொல்லிவிட்டு வெளியே வந்தான். டீ வாங்கிக் கொடுத்தான். அவனே காசு கொடுத்தான். டம்ளரைக் கீழே வைத்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

“பணங் கட்டாதவனுக்கு எழவுச் சேதியும் கெடையாதாடா?”

எனக்குப் பதில் வரவில்லை. வகுப்புச் சந்திப்புக்குக் காசு கட்டுவதா வேண்டாமா என்பதை ஒரு செலவுக் கணக்காக மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அவன் கேட்ட கேள்விக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

தொகை எப்படி வளர்கிறது

பள்ளித் தோழர்கள் கூடுவது புதிதல்ல. ஆனால் அது ஊருக்கு ஊர் வழக்கமானது வாட்ஸ்அப் குழுக்கள் வந்த பிறகுதான். தஞ்சாவூரில் படித்த ஒரு வகுப்பு இருபத்திரண்டு வருடம் கழித்துக் கூடுவதைக் காட்டிய ‘96’ படம் 2018இல் வெளிவந்தது. அதைப் பார்த்துவிட்டு “நாமளும் மீட் பண்ணலாம்” என்று தொடங்கிய குழுக்கள் எத்தனையோ. எங்களுடையதும் அதில் ஒன்று. அதற்குப் பதினோரு வருடம் முன்பே, 2007இல், தங்கர் பச்சானின் ‘பள்ளிக்கூடம்’ வந்துவிட்டது. பழைய மாணவர்கள் தங்கள் பள்ளியைக் காப்பாற்றக் கூடுவதைச் சொன்ன படம் அது. ஒன்று மனிதர்களைப் பார்க்கக் கூடுவது, இன்னொன்று பள்ளிக்காகக் கூடுவது. இரண்டுமே நல்ல காரணங்கள். இரண்டிலும் ரிசார்ட் கிடையாது.

எங்கள் பேச்சும் “சும்மா ஒரு டீ குடிச்சுட்டு வரலாம்” என்றுதான் தொடங்கியது. டீ, மதியச் சாப்பாடு ஆயிற்று. சாப்பாட்டுக்கு மண்டபம் தேவைப்பட்டது. மண்டபத்துக்குக் கொடுக்கும் வாடகைக்கு ஏற்காடே போய்விடலாமே என்று ஒருவர் சொன்னார். அங்கே போனால் ஒரு ராத்திரி தங்காமல் எப்படி? தங்கினால் கேம்ப் ஃபயர், கேம்ப் ஃபயருக்கு டிஜே. எல்லோரும் ஒரே டி-ஷர்ட் போட்டால் போட்டோ நன்றாக இருக்கும். ஆளுக்கொரு மெமென்டோ. மேலிருந்து எடுக்க ட்ரோன். யாருக்கும் யாரையும் ஒதுக்கும் எண்ணமில்லை. ஒவ்வொன்றும் இருநூறு, முந்நூறுதானே என்றுதான் சேர்ந்தது.

அன்று நான் நோட்டில் எழுதிய கணக்கு இன்னும் இருக்கிறது. அறையும் சாப்பாடும் 2,800. வண்டி 500. டி-ஷர்ட் 350. டிஜேவும் கேம்ப் ஃபயரும் 400. மெமென்டோ 250. போட்டோ, ட்ரோன் 200. ஆக மொத்தம் 4,500. இதில் கடைசி நான்கு இனங்கள் மட்டும் 1,200 ரூபாய். நண்பனின் முகத்தைப் பார்க்க இந்த நான்கில் எதுவும் தேவையில்லை. அந்த டி-ஷர்ட்டை நான் இரண்டாவது தடவை போட்டதே இல்லை.

தொகையைப் பேசி முடித்தவர்கள் யார் என்று பழைய உரையாடலை எடுத்துப் பார்த்தேன். பதினான்கு பேர். ஆபீசில் உட்கார்ந்து போனைப் பார்க்க முடிந்தவர்கள், சொந்தக் கடைக்காரர்கள், பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள். மற்ற 98 பேர் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததை நாங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

இந்த இடத்தில் ஒரு நடைமுறை விஷயம். ரிசார்ட்காரர் சொல்லும் விலைக்குப் பின்னால் ‘ப்ளஸ் டாக்ஸ்’ என்று ஒரு வால் இருக்கும். நாங்கள் போனபோது, ஆயிரத்துக்கு மேல் 7,500 ரூபாய் வரை நாள்வாடகை உள்ள அறைகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. 7,500க்கு மேல் போனால் 18 சதவீதம். வரியைச் சேர்த்துச் சொல்கிறார்களா என்று முதலிலேயே கேட்காவிட்டால் கடைசி நாளில் “தலைக்கு இன்னும் முந்நூறு போடுங்க” என்று மறுபடி கை நீட்ட வேண்டிவரும். முதல் தவணைக்கே திணறியவருக்கு அந்த இரண்டாவது கேட்பு தாங்காது.

4,500 என்பது எத்தனை நாள்?

ஒரு தொகை பெரிதா சிறிதா என்பது அதைச் சம்பாதிக்க எத்தனை நாள் ஆகும் என்பதைப் பொறுத்தது. எங்கள் வகுப்பில் மென்பொருள் வேலையில் இருப்பவருக்கு 4,500 ஒரு நாள் சம்பளத்துக்கும் கீழே. நூறு நாள் வேலைக்குப் போகும் தோழியும் அதே வகுப்புதான். 2025-26இல் தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு நிர்ணயித்த நாள்கூலி 336 ரூபாய். 4,500ஐ எட்ட அவர் பதின்மூன்று நாளுக்கு மேல் மண் அள்ள வேண்டும். தன் கையில் தன் பணம் என்று ஒரு குடும்பத்தலைவிக்கு இருப்பது பல வீடுகளில் மகளிர் உரிமைத் தொகை மட்டும்தான். 2023 செப்டம்பர் 15 முதல் வரும் அந்த மாதம் ஆயிரத்தில் நான்கரை மாதப் பணம் ஒரு ராத்திரிக்குப் போய்விடும்.

பொங்கல் நேரம் என்பது இதை இன்னும் கடினமாக்குகிறது. லீவு எல்லோருக்கும் சேர்ந்தாற்போல் கிடைப்பதால்தான் அந்த நாட்களைப் பிடிக்கிறோம். ஆனால் வீட்டுச் செலவும் அப்போதுதான் கூடுகிறது. புதுத்துணி, கரும்பு, பொங்கல் சீர், உறவுக்காரர்கள் வரத்து. தீபாவளிக்கு வாங்கிய போனஸ் அதற்குள் கரைந்திருக்கும். சென்னையிலிருந்து வருபவருக்கு ரயில் டிக்கெட்டே ஒரு யுத்தம். 2024 நவம்பர் முதல் முன்பதிவு அறுபது நாளுக்கு முன்புதான் திறக்கிறது, பொங்கல் வண்டிகள் திறந்த சில நிமிடங்களில் நிரம்பிவிடுகின்றன. விட்டால் ஆம்னி பஸ், அதன் பண்டிகைக் கட்டணம் எல்லோரும் அறிந்தது. குழுவில் எழுதும் 4,500 பலருக்கு உண்மையில் ஏழாயிரம், எட்டாயிரம்.

கொங்கு நாட்டில் இன்னொன்றும் உண்டு. காணும் பொங்கலை இங்கே பூப்பறிக்கிற நோம்பி என்பார்கள். பெண் பிள்ளைகள் கூட்டமாக ஆவாரம்பூ பறிக்கப் போய், கட்டிக்கொண்டு போன பலகாரத்தைப் பங்கிட்டுச் சாப்பிட்டு வருவார்கள். அவரவர் வீட்டில் என்ன இருந்ததோ அதைக் கொண்டுவருவது, வந்ததை எல்லோரும் தின்பது. தோழமைக்காகக் கூடும் ஒரு நாளை இந்த மண் இவ்வளவு சுலபமாக வைத்திருந்தது.

அரைப்புள்ளி

கூடிச் செலவு செய்வதற்கு நம் ஊர்களிடம் பழைய கணக்கு உண்டு. கோயில் நோம்பி என்றால் தலைக்கட்டு வரி. கல்யாணமாகித் தனிக்குடும்பமாக இருப்பவர் ஒரு தலைக்கட்டு, ஒரு புள்ளி. எல்லாப் புள்ளிக்கும் ஒரே தொகை. ஆனால் பல ஊர்களில் கணவனை இழந்த பெண்ணின் வீட்டை அரைப்புள்ளி என்று வைத்தார்கள். பாதி கட்டினால் போதும். ஒன்றும் முடியாதவரை விட்டுவிடும் ஊர்களும் இருந்தன. ஒரே தொகை என்றால் சிலர் வெளியே நின்றுவிடுவார்கள் என்பது ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் கணக்கில் குறையும் உண்டு. யார் அரைப்புள்ளி என்பது ஊருக்கே தெரியும். வரி கட்டாதவரைத் தள்ளிவைத்த கொடுமையும் நடந்தது, சாதி பார்த்து வரியே வாங்க மறுத்த கொடுமையும் நடந்தது. வரி வாங்கினால் உரிமை கொடுக்க வேண்டும் என்பதால் அந்த மறுப்பு. காசு கட்டுவது என்பது இங்கே எப்போதுமே ‘நானும் இந்தக் கூட்டத்தில் ஒருவன்’ என்று சொல்வதாக இருந்திருக்கிறது. அதனால்தான் கட்ட முடியாதபோது பணத்தைவிட மானம் முன்னால் வந்து நிற்கிறது.

புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலம், வடகாடு பக்கமும் தஞ்சை மாவட்டம் பேராவூரணிப் பக்கமும் ஆடி மாதத்தில் மொய் விருந்து நடக்கும். விருந்து வைப்பவருக்கு வந்தவர்கள் மொய் எழுதுவார்கள். வாங்கியவர் பிறகு அதைத் திருப்பி எழுதியாக வேண்டும். வட்டியில்லாக் கைமாற்றாக எத்தனையோ குடும்பங்களைத் தூக்கிவிட்ட ஏற்பாடு அது. அதன் பலம் நோட்டில் இருக்கிறது. யார் எவ்வளவு என்று பெயரோடு எழுதி வைப்பார்கள். கைமாற்றுக்கு அந்த நோட்டு தேவை. நட்புக்கு அந்த நோட்டு ஆகாது. நான் செய்த தப்பு அதுதான். பழகிய கை மொய் நோட்டைத் திறந்துவிட்டது, அதுவும் தினமும் ராத்திரி எல்லோருக்கும் காட்டி.

‘நான் பாத்துக்கறேன்’

2020 சந்திப்புக்கு முன் சிங்கப்பூரில் இருக்கும் ஒரு நண்பன் என்னைக் கூப்பிட்டான். “வர முடியாதவங்க லிஸ்ட் குடு, அவுங்களுக்கு நான் கட்டிர்றேன்” என்றான். நல்ல மனசு. நான் செய்தது என்ன தெரியுமா? “யாருக்காவது கஷ்டம்னா எனக்குத் தனியா மெசேஜ் போடுங்க, ஸ்பான்சர் இருக்குது” என்று குழுவில் எழுதினேன். ஒருவர்கூட மெசேஜ் போடவில்லை. இப்போது யோசித்தால், எப்படிப் போடுவார்கள்? பத்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தன் நோட்டைப் பார்த்து எழுதியவனிடம் போய், நாற்பது வயதில் “எனக்கும் சேத்துக் கட்டு” என்று எப்படிக் கேட்பது?

தறிப் பட்டறை வாசலில் 47 இதையும் சொன்னான். “அவன் குடுக்கறது தப்புன்னு சொல்லலடா. அங்க வந்து உக்காந்தா, தட்டுல வெக்கற ஒவ்வொரு துண்டும் அவன் காசுன்னு எனக்குத் தெரியுமல்ல?”

வசதியுள்ளவர்கள் கொடுக்கத்தான் வேண்டும், கொடுக்கும் இடம்தான் முக்கியம். ஆளுக்குக் கொடுத்தால் அது உதவி. தொகை நிர்ணயமாகும் முன்பே பொதுப் பணத்தில் போட்டால் எல்லோருக்கும் தொகை குறைகிறது, யாரும் யாருக்கும் கடன்படுவதில்லை. பெரிய பணம் போக நல்ல இடம் ஒன்றும் இருக்கிறது, படித்த பள்ளி. டொராண்டோவிலும் லண்டனிலும் யாழ்ப்பாணப் பள்ளிகளின் பழைய மாணவர் சங்கங்கள் ஒன்றுகூடல் நடத்திச் சேரும் பணத்தை ஊரிலிருக்கும் பள்ளிக்கு அனுப்புகின்றன. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளுக்கு முன்னாள் மாணவர்கள் உதவ ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப்பள்ளி’ திட்டம் 2022 டிசம்பரில் தொடங்கியது. கொடுக்க மனமுள்ளவர்களுக்கு வழிக்குப் பஞ்சமில்லை.

வராத பெண்கள்

எங்கள் 112 பேரில் 50 பேர் பெண்கள். ஏற்காட்டுக்கு வந்தவர்கள் மூவர். “லேடீஸ் யாருமே வர்றதில்லப்பா” என்று அலுத்துக்கொண்டோம். நாங்கள் கேட்டது என்ன? பொங்கல் முடிந்த கையோடு, மாமியார் வீட்டில் உறவுக்காரர்கள் இருக்கும்போது, ஆண்களும் வரும் ஒரு மலைக்குப் போய் ராத்திரி தங்கு, அதற்கு வீட்டுக்காரரிடம் 4,500 கேள் என்று.

பின்னால் ஒரு தோழி என்னிடம் சொன்னார். பள்ளியில் வாடி போடி என்று சண்டை போட்டவரை இப்போது ‘வாங்க’ என்றுதான் கூப்பிட வருகிறது. “பணத்தக் கேட்டாக் குடுத்திருப்பாருங்க. ஆனா எதுக்கு, யாரெல்லாம் வர்றாங்க, நைட்டு எங்க படுப்பீங்கன்னு அத்தன கேள்விக்குப் பதில் சொல்லணும். அதுக்கு சும்மாவே இருந்துக்கலாம்னு விட்டுட்டேன்.” ராத்திரி தங்கல் என்ற ஒரு முடிவுதான் வகுப்பில் பாதியை வெளியே நிறுத்தியது. காலையில் வந்து விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்பும் சந்திப்பு என்றால் அவர் பஸ் ஏறி வந்திருப்பார்.

இன்னொரு கூட்டமும் உண்டு. பணம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, ஆனால் வர மாட்டார்கள். பள்ளிக்கூட நினைவு எல்லோருக்கும் இனிப்பதில்லை. சாதிப் பேர் சொல்லிக் கூப்பிடப்பட்டவர்கள், கிழிந்த சட்டைக்குச் சிரிக்கப்பட்டவர்கள், முட்டி போட்டே வகுப்பைக் கழித்தவர்கள் அதே வகுப்பில்தான் இருந்தார்கள். அவர்களைத் திரும்பத் திரும்ப “ஏன் வரலை?” என்று கேட்பது மறுபடி முட்டி போடச் சொல்வதுதான். ஒருமுறை அன்பாக அழைத்துவிட்டு விட்டுவிட வேண்டும்.

கட்டலாமா?

அழைப்பு வந்து, தொகையைப் பார்த்து யோசித்துக்கொண்டிருக்கும் வாசகருக்கு, வசூல் செய்தவன் என்ற முறையில் நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான்.

கையைக் கடிக்காத தொகை என்றால் யோசிக்காமல் கட்டுங்கள். நாற்பதைத் தாண்டிய பிறகு பழைய ஆசிரியரும் பழைய தோழனும் அடுத்த தடவை இருப்பார்கள் என்று யாரும் எழுதித் தர முடியாது.

கடன் வாங்கியோ, நகையை வைத்தோ, பிள்ளை ஃபீஸை எடுத்தோ கட்ட வேண்டியிருந்தால் கட்டாதீர்கள். வீட்டில் மறைத்துக் கட்ட வேண்டியிருந்தாலும் வேண்டாம். ஆடிவிட்டு வந்த அடுத்த நாள் அந்தப் பணம் வீட்டில் பேசும்.

‘பார்க்கணும்’ என்று தோன்றுவதால் கட்டுகிறீர்களா, ‘போகலைன்னா என்ன நினைப்பாங்க’ என்று தோன்றுவதால் கட்டுகிறீர்களா என்று ஒருமுறை உங்களையே கேளுங்கள். இரண்டாவதுதான் காரணம் என்றால், தொகை நூறு ரூபாயாக இருந்தாலும் அது வீண் செலவு.

கட்ட முடியாதபோது பொய்க் காரணம் சொல்லாதீர்கள். “அன்னைக்குக் கல்யாணம் இருக்குது” என்று ஒன்று சொன்னால் அடுத்த வருடம் இன்னொன்று தேட வேண்டும், அப்படியே தொடர்பு விட்டுப்போகும். குழுவில் சொல்ல வேண்டியதில்லை. நம்பும் ஒரே ஒரு நண்பரிடம் “இந்தத் தொகை எனக்கு முடியாதுப்பா” என்று நேராகச் சொல்லுங்கள். குழுவை விட்டு மட்டும் போகாதீர்கள். நல்லது கெட்டது வந்து சேரும் வாசல் இன்று அதுதான்.

நடத்துபவர்களுக்கும் சில வார்த்தை:

* முதலில் தொகை பேசாதீர்கள். வகுப்பில் குறைந்த வருமானம் உள்ள ஒருவரை மனதில் நிறுத்தி, அவர் ஒரு நாள் கூலிக்குள் வந்துபோக முடியுமா என்று பாருங்கள். இடம், நாள், சாப்பாடு எல்லாம் அதற்குப் பிறகு.

* வருவதையும் தங்குவதையும் பிரித்துவிடுங்கள். பகல் சந்திப்பு எல்லோருக்கும். மலைக்குப் போய்த் தங்க விரும்புகிறவர்கள் மறுநாள் தனியாகப் போகட்டும்.

* அட்வான்ஸ் கொடுக்கும் முன் ரத்தானால் எவ்வளவு திரும்பும், வரி சேர்ந்ததா, நீலகிரி அல்லது கொடைக்கானல் என்றால் 2024 மே முதல் கட்டாயமான இ-பாஸை யார் எடுப்பது, எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

* மொத்த வரவு, மொத்தச் செலவு, மீதி மூன்றையும் பைசா சுத்தமாகக் குழுவில் போடுங்கள். பெயர்வாரிக் கணக்கை இரண்டு பேரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மஞ்சத் துணிப் பை

2025இல் மறுபடி கூடினோம். ஜனவரி 18, சனிக்கிழமை. அந்த வருடம் 17ஆம் தேதியும் அரசு விடுமுறை விட்டிருந்ததால் வெளியூர்க்காரர்கள் ஊரில்தான் இருந்தார்கள். இடம், நாங்கள் படித்த பள்ளி. தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினோம். புங்க மரத்தடியில் சாமியானா. காலை பத்து முதல் மாலை ஐந்து வரை.

இந்த முறை குழுவில் தொகை எழுதவில்லை, செலவை எழுதினேன். நூறு இலைக்குச் சாப்பாடு 22,000. சாமியானா, நாற்காலி 9,000. மைக் செட் 3,500. டீ, பலகாரம் 5,000. ஆசிரியர்களை அழைத்துவரும் வண்டிக்கும் சால்வைக்கும் 6,500. போட்டோ 4,000. மொத்தம் 50,000. எண்பது பேர் வந்தால் சராசரி 625. அதற்குக் கீழே ஒரே வரி: “வாசலில் ஒரு துணிப்பை இருக்கும். எல்லோரும் கையை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். யாரும் பார்க்கப்போவதில்லை.” வர முடியாதவர்கள் அனுப்ப ஒரு கணக்கு எண். அதை என்னையும் ஒரு தோழியையும் தவிர யாரும் பார்ப்பதில்லை என்று பேச்சு.

47ஐ நேரில் போய் அழைத்தேன். “ஷிப்ட் இருக்குது, பாக்கறேன்” என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

அன்று 79 பேர் வந்தார்கள். அதில் 31 பேர் பெண்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருவர், பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர். ஒன்பது ஆசிரியர்கள் வந்தார்கள். மறைந்த உடற்கல்வி ஆசிரியரின் மனைவியையும் அழைத்திருந்தோம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பதினொன்றரை மணி இருக்கும், சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கமிருந்து 47 வந்தான். நேராகப் பட்டறையிலிருந்து வந்திருக்கிறான், தலைமுடியில் பஞ்சு இருந்தது. துணிப்பைக்குள் கையை விட்டு எடுத்தான். என்னைப் பார்க்கவில்லை. நேரே முன்வரிசைக்குப் போய் அந்த அம்மாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டான். மூன்று வருடத்துக்கு முன் கேட்க வேண்டிய துக்கத்தை அன்றைக்குக் கேட்டான். அந்த அம்மா அவன் தலையிலிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் பையைப் பெஞ்சில் கொட்டி நானும் தோழியும் எண்ணினோம். ஐந்நூறு ரூபாய்த் தாள்கள், நூறுகள், ஐம்பதுகள், நாலாக மடித்த இருபது ரூபாய் ஒன்று. மொத்தம் 58,310. வெளியூரிலிருந்து கணக்குக்கு வந்தது 18,000. செலவு போக மீதி 26,310 ரூபாயைப் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் குடிநீர்க் குழாய்க்குக் கொடுத்தோம். அன்றிரவு குழுவில் மூன்றே மூன்று வரி போட்டேன். வரவு, செலவு, மீதி.

வெறுங்கையை உள்ளே விட்டு எடுத்தவர்களும் அந்த 79இல் இருந்திருப்பார்கள். அவர்களும் அதே இலையில் சாப்பிட்டார்கள், அதே போட்டோவில் நிற்கிறார்கள். 47 பையில் என்ன போட்டான் என்று எனக்குத் தெரியாது. அது எனக்குத் தெரியாமல் இருப்பதற்குத்தான் அந்தப் பை.

போகும்போது தன் போனை என்னிடம் நீட்டினான்.

“மறுபடி சேத்து வுட்ரா” என்றான்.